ஐந்தேகால் பஸ்ஸில் என் அபிப்பிராயம்

விசுவமடுச் சந்தியில் நாங்கள் ஏறும்போது
வானத்தில் இன்னும் ஒரு வெள்ளி மிச்சம்.
அந்த நடிகன் மனுசியை விட்டுட்டானாம் என்ற செய்தி
எங்களுக்கு முன்னமே ஏறி
யன்னல்கரைச் சீட்டில் இருக்கிறது.

பதினெட்டு வருசம், இரண்டு பிள்ளைகள்,
ஒரு பக்க அறிக்கை.
‘எங்கள் தனிமையை மதியுங்கள்’ என்று முடித்திருந்தானாம்.
நாற்பத்திரண்டு பேர் மதிக்காமல் போகிறோம்
அறிவியல்நகர் வரைக்கும்.

“அவளுக்கு வாய் கூடவாம்” என்கிறாள் சுகிர்தா.
சுகிர்தாவின் மனுசனுக்கு வாயே இல்லை,
கை மட்டும்தான்.
இந்த வெக்கையிலும் அவள் கழுத்தில் ஏன் சால்வையென்று
கொலர் தைக்கிற லைனில்
ஒருவரும் கேட்பதில்லை.

துஷாந்தினி நடிகன் பக்கம்.
அவன் படம் வந்தால் லீவு போட்டு வவுனியா போகிறவள்.
“மாசம் நாப்பது லட்சம் கேக்கிறாளாம்,
அதுவும் இந்தியக் காசு!”
பஸ் முழுக்க ஒரே மூச்சாய் உள்ளே இழுத்தது.
எங்கட காசில் எவ்வளவென்று மனதுக்குள் பெருக்கினேன்.
தர்மபுரம் போய்விட்டது,
பூச்சியங்கள் முடியவில்லை.

எனக்கு நீதவான் தீர்த்தது மாதம் ஆறாயிரம்.
ஐந்து மாதம் வந்தது.
பிறகு அவன் கட்டாருக்குப் போனான்,
அல்லது போனதாய்ச் சொல்லச் சொன்னான்.
ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலை இல்லை.
நாற்பதையும் கேள் பிள்ளை,
வட்டியும் சேர்த்துக் கேள் என்கிறேன்
எனக்குத் தெரிந்த, என்னைத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு.

மற்ற விசயங்களிலும் எனக்கு அபிப்பிராயம் உண்டு.
நெல்லு விலை
வெட்டுக்கு முதல் ஒன்று, வெட்டின பிறகு ஒன்று.
யானை வேலியில்
பெரியவர்கள் நின்று படமெடுத்த பக்கத்துக்கு மட்டும் கறண்ட்.
செவ்வாய்க்கிழமை வருகிற லோன்காரப் பெடியன்
வெயிலில் காய்கிறவன், பாவம்தான்.
ஆனாலும் அயல் முழுக்கக் கேட்கிற மாதிரி
படலையில் நின்று என் பேரைக் கூப்பிடுகிற விதம்
சரியில்லை.

இவ்வளவையும் போன மாதம்
கேள்விக்கொத்தோடு வந்த பிள்ளையிடம் சொன்னேன்.
கொழும்பு நிறுவனம், ஒன்றிலிருந்து ஐந்துவரை.
தேத்தண்ணி ஆறுமட்டும் தலையாட்டிக் கேட்டவள்
மூன்றில் ஒரு புள்ளடி போட்டாள்.
ஓரளவு திருப்தி.

பரந்தனில் திரும்பினால் ஏ ஒன்பது.
கரடிப்போக்குத் தாண்டி
கோயிலடியில் பஸ் மெதுவாகும்.
கொட்டிலில் தொங்குகிற படங்கள்,
மழைக்குப் பொலித்தீன் போட்டு மூடினவை.
மூன்றாம் வரிசையில் கோமளேஸின் மனுசன்.
அந்த நடிகன் முதல் படத்தில் விட்ட அதே மீசை.

கோமளேஸ் பொட்டு வைக்கிறாள்.
வைக்கலாமோ என்பதில் ஊருக்கு அபிப்பிராயம் உண்டு.
எனக்கும் இருந்தது ஒரு காலம்,
சொல்ல வெட்கம்.

அந்த நூறு யாருக்கு மட்டும்
பஸ்ஸில் ஒருவரும் கதைப்பதில்லை.
இண்டைக்குக் கோமளேஸ் கதைத்தாள்.
யன்னலைப் பார்த்தபடி, ஆரையும் குறை சொல்லாமல்:
“அவன் அறிக்கையெண்டாலும் விட்டான்.”

சுகிர்தா சால்வையை இழுத்துச் சரி செய்தாள்.
நான் என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத்
திறந்து திறந்து மூடினேன்.
றைவர் அன்ரன் அண்ணைக்கு ஒன்றும் கேட்டிருக்காது.
வழமைபோல் பாட்டைப் போட்டார்,
அவனுடைய படத்துப் பாட்டு.

துஷாந்தினிதான் எழும்பி
கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போய்
அதை நிற்பாட்டினாள்.

ஆறரைக்கு விரல் வைக்க வேண்டும்.
நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில்
இன்னும் மூன்று பேர் ஏறினார்கள்,
“கேள்விப்பட்டியளோடி?” என்று கேட்டுக்கொண்டு.