ஊர்த் தண்ணி

பல் ஏன் இப்படி என்றாள் ஜெபக்கனி,
ஓசூர் விடுதியில், சேர்ந்த முதல் வாரம்.
எங்க ஊர்த் தண்ணி என்றேன்.
பென்னாகரம் பக்கம் யாரும் சொல்வதுதான்.
பொய்யில்லை.

சம்பளம் பத்தாந்தேதிக்குள் எங்கேடி போகிறது என்றாள்.
அப்பாவுக்குக் கால் வளைந்துவிட்டது,
அதுவும் தண்ணிதான்.
வளைந்தது நிஜம்.
அவரைப் புதைத்து மூன்று வருஷம் ஆவதை
விட்டுவிட்டேன்.

பணம் போவது மொரப்பூருக்கு.
என்னைச் சித்தி என்று கூப்பிடுகிற ஒருத்திக்குப்
பால்பல் விழுந்து முளைக்கிறது.
ஒகேனக்கல் குழாய்த் தண்ணி,
வெள்ளை வெளேரென்று வருகிறது.

நேற்று ஷிப்டு முடிந்து வருகையில்
போனில் படத்தைப் பார்த்துவிட்டாள்.
யாருடி இது, சிரிப்பு அப்படியே உன்னோடது?

நான் எப்போது சிரித்தேன் இவளிடம்?

அக்கா பொண்ணு என்றேன்,
வாயைக் கையால் மூடிக்கொண்டு.