நிலுவை

வடசேரியில் ஏறிய கீரிப்பாறை பஸ்ஸில்
ஃபைலை மடியில் வைத்து மூன்று முறை வாசித்தேன்.
பெர்லின் ஜெபா, வயது இருபத்துநான்கு, பி.இ.
கல்விக் கடன், அசல் மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
வட்டி தனி.
தற்போதைய முகவரி என்ற கட்டத்தில்
எனக்கு முன் வந்த யாரோ
பென்சிலால் எழுதியிருந்தார்:
மலையில்.

தடிக்காரன்கோணத்தில் இறங்கி
முதலில் ஜாமீன்தாரரைப் பார்த்தேன்.
ரப்பர் ஷீட் காயும் முற்றத்தில்
குளோரிபாய் எனக்கு நாற்காலி போடவில்லை.
"சென்னையில ரெண்டு வருசம் கெடந்தா சார்.
வேலைய விட்டதும் கல்யாணத்த விட்டதும் ஒரே வாரம்.
மாப்பிள வீட்டு சேலைய
நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன், மடிப்பு கலையாம."
சொல்லிவிட்டு உள்ளே போனவர்
ஒரு கட்டைப்பையோடு வந்தார்.
தைராய்டு மாத்திரை, உப்பு, தீப்பெட்டி,
புது நைட்டி, அட்டை கிழிந்த பைபிள்,
முழுக்க சார்ஜ் ஏற்றிய போன்.
"எப்பிடியும் போவியல்லா."

மாறாமலை கிராம்புத் தோட்டம் வரை ஜீப்.
அதற்குமேல் கால்.
புகையிலைத் தண்ணீர் பூசிக்கொள்ளச் சொன்னார் டிரைவர்.
ஷூ இருக்கிறதே என்றேன்.

பாதி ஓடு போன பழைய லயம்.
முன்னால் ஓடையில் கால் விட்டுக்கொண்டு
கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள்.
பேங்க்கா என்று கேட்டாள்,
போஸ்ட்மேனா என்று கேட்பதுபோல.
பிறகு என் கணுக்காலைப் பார்த்து,
"பிய்க்காதீங்க.
வேண்டியதக் குடிச்சிட்டு அது தானா விழுந்துரும்" என்றாள்.
அட்டையைத்தான் சொன்னாள்.

காதல் தோல்வி, கடவுள், கட்சி
எதையாவது எதிர்பார்த்துத்தான் ஏன் என்று கேட்டேன்.
"அங்க ஃபேன் சத்தத்துலதான் தூங்குவேன் சார்.
ஃபேன் நின்னா முழிப்பேன்.
ஒருநாள் ஃபேன் நிக்கல.
முழிச்சிட்டேன்."
அவ்வளவுதான்.
மீதியை ஓடை பேசிக்கொண்டிருந்தது,
நான் கேட்காததையெல்லாம்.

ராத்திரி பயமில்லையா?
"உண்டு."
யானை வருமா?
இடிந்த சுவரை நாடியால் காட்டினாள்.

தின்னத் தந்தாள்.
உப்பில்லாமல் அவித்திருந்தது, வாயில் மாவாய்க் கரைந்தது.
பெயர் கேட்டேன். கவலைக்கிழங்கு.
நாற்பது வருடம் ஆளுக்கு ஆள் எனக்குத் தந்ததுதான்,
இப்படி ருசித்ததில்லை.

பையைக் கவிழ்த்தாள்.
மாத்திரை, உப்பு, தீப்பெட்டி ஒரு பக்கம்.
நைட்டியை உதறி, பூவைப் பார்த்துச் சிரித்து,
அதையும் அந்தப் பக்கமே வைத்தாள்.
போனைக் காதில் வைத்தாள். ஒன்றும் அழுத்தவில்லை.
திருப்பித் தந்தாள்.
பைபிளும் என்னிடமே வந்தது.
"இது அம்மைக்கு வேணும்.
கடைசிப் பக்கத்துலதான் சீட்டுக் கணக்கு எழுதுவா."

நோட்டீஸின் ஓரம் மழையில் ஊறியிருந்தது.
கையெழுத்துப் போட்டாள், அழகான கையெழுத்து.
"இண்ணைக்கு என்ன தேதி?"
சொன்னேன்.
விரல்விட்டு எதையோ எண்ணினாள், கடனை அல்ல.
கிராம்பு பறித்த கூலியில்
ஐநூறு ரூபாய் எடுத்து நீட்டினாள்.
"மாசம் இவ்வளவுதான் ஆகும்.
வட்டிய விட்டா அறுபத்துமூணு வருசம்."
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இறங்கும்போது சாக்ஸ் சிவந்து கனத்தது.
அறிக்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
தலைமறைவு. இடம்பெயர்ந்தார். இறந்துவிட்டார்.
பேனா மூடியைக் கடித்தபடி
ஜீப்பில் வெகுதூரம் வந்துவிட்டேன்.

முற்றத்தில் இந்தமுறை நாற்காலி கிடந்தது.
மெலிந்துவிட்டாளா, வருவாளா,
குளோரிபாய் கேட்கவில்லை.
எவ்வளவு கெட்டினா என்றார்.
ஐநூறு.
பைபிளை வாங்கி, கடைசிப் பக்கம் திருப்பி,
ரப்பர் பால் அப்பிய விரலால்
பென்சிலைத் தேடி எடுத்தார்.

"இண்ணைக்கு என்ன தேதி சார்?"