எலி

பருத்தித்துறை நீதிமன்றத்தின் பின்பக்கம்
ஒற்றைச் சன்னல் அறை.
திறப்பு என்னிடம்.
மண்ணிற ஒட்டுநாடா சுற்றிய பொதிகள்
உப்புப் பூத்துக் கிடக்கின்றன,
கழுத்தில் வழக்கிலக்கம் கட்டி.
கேரளத்தில் ஏறி நம்முடைய கரையில் இறங்கியவை
என்கிறது நேவியின் அறிக்கை.
படகு அகப்பட்டது.
ஓட்டி அகப்படவில்லை.

மழைக்கு மணம் கதவு தாண்டும். சட்டையில் ஏறும்.
பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்,
பிறகு அச்சுவேலி வரைக்கும்
யன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்.

வீட்டில் யோகமலர் எந்த மணமும் தாங்கமாட்டாள்.
தாளிதம், சவர்க்காரம், என் வியர்வை.
தெல்லிப்பழையில் மூன்றாம் தரம் மருந்தேற்றி வந்த இரவு
வெறும் கஞ்சியின் ஆவி
அவளைக் குடலோடு புரட்டியது.
முப்பத்தொன்பது கிலோ.
நிறை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
இதை எந்தப் பதிவேட்டில் எழுத?

"கஞ்சிக்கும் மற்றதுக்கும்
ஓரெழுத்துத்தானே வித்தியாசம்" என்றாள்,
வாளியைப் பிடித்தபடி.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

டொக்டர் மறைக்காமல் சொன்னார்:
"சத்தி குறையலாம். பசி வரலாம்.
சிலருக்கு வந்திருக்கு, சிலருக்கு இல்லை.
புற்றை அது தின்னும் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.
வெளியில் குளிசையாய் அளந்து குடுக்கிறாங்கள்.
இஞ்சை என்ர பேனைக்கு அந்த மை இல்லை."

கைதடியில் சித்த வைத்தியர்
லேகியச் சாடியைச் சரித்து அடியைக் காட்டினார்.
"சுத்தி செய்யாமல் தொட்டால் நஞ்சு.
செய்தாலும், அளவு தப்பினால் நஞ்சுதான்.
எனக்கு வாற இலை நின்று ஏழு மாதம்.
உங்கட அறையில் எத்தினை கிலோ?"

நான் சொல்லவில்லை.

அதே ஆஸ்பத்திரியில், அவள் வார்டுக்கு அங்கால்
மனநலப் பிரிவில் என் தங்கச்சியின் மகன் டினோசன்.
பத்தொன்பது வயது.
கணிதப் பிரிவு; மூன்று பாடமும் ஏ வரும் என்றிருந்தவன்.
வேப்பமரத்தில் கமரா கிடக்கு என்று
மரத்தின் அரைவாசியை ஒரே இரவில் தறித்தான்.
"கஞ்சா மட்டும்தான் காரணம் எண்டு சொல்லேலாது,"
அங்கத்தைய டொக்டர் சொன்னா,
"கதவு முந்தியே நீக்கலாய் இருந்திருக்கும்.
இது உதைச்சுத் திறந்திட்டுது."

சனிக்கிழமைகளில் இருவரையும் பார்ப்பேன்.
முதலில் அவளை, பிறகு அவனை.
ஒரு சனி
அவன் என் தோளில் முகம் வைத்தான்.
பாசம் என்று நினைத்துவிட்டேன்.
"மாமா," என்றான், மூச்சை இழுத்து,
"உங்கட சட்டை மணக்குது."

பதினேழாம் பொதியை எலி கடித்திருந்தது.
தரையில் ஒரு சிறங்கை அளவு,
விதை, காம்பு, கறுத்த பூ.
டீசல் வாசம். ஓரத்தில் பூஞ்சணம்.
இதில் எவ்வளவு மருந்து?
எவ்வளவு கடல்?
தும்புத்தடியோடு நின்றேன்.
காவலாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.
அவனுக்கு ஒரு தேத்தண்ணி
இருபது நிமிசம்.

எரித்த நாளில்
நீதவான், பொலிஸ், பத்திரிகைக் கமராக்கள்.
திரும்ப நிறுத்தார்கள்.
பதினேழில் பன்னிரண்டு கிராம் குறைவு.
"எலி, ஐயா," என்றேன்.
அவர் என் சட்டையை ஒரு கணம் பார்த்தார்.
ஒப்பம் வைத்தார்.
புகை முதலில் கடல் பக்கம் போனது,
பிறகு மனம் மாறி
எங்கள் மேலே திரும்பியது. எல்லாரும் லேஞ்சி தேடினோம்.

அன்றிரவு யோகமலர் கஞ்சி கேட்டாள்.
நான் எண்ணினேன். ஏழு கரண்டி.
எட்டாவதைக் கையில் பிடித்தபடி
நெடுநேரம் அதையே பார்த்திருந்தாள்.
ஊசியின் வேகம் இறங்கியிருக்கலாம்.
நாலாம் தரத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

மரத்தை முழுதாய்த் தறித்துவிடச் சொல்லி
டினோசன் போன் எடுத்தான்.
சரி என்றேன்.

எலிதான்.