கிழித்த ஓரம்

உடுமலைப் பக்கமிருந்து வரும் லோடுகளில்
ஈரம் பார்ப்பதும் பூஞ்சை பார்ப்பதும் என் வேலை.
பல்லடம் ரோட்டுத் தீவன மில்லில்
எடைமேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை.
கறுப்பு விளக்கைப் போட்டால்
கெட்ட மக்காச்சோளம் பச்சையாய் மினுங்கும்.
பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இருபதைத் தாண்டினால் சிவப்புப் பேனாவில் எழுதுவேன்:
நிராகரிப்பு.
'கோழிக்கு ஆகாதுங்க.'
புரோக்கர் வெங்கிடுபதி ஒருநாளும் கோபப்பட்டதில்லை.
சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு
'உடுங் கண்ணு, திங்கறதுக்கு வேற வாயா இல்ல' என்பார்.
லாரி திரும்பும்.
கேட்டைத் தாண்டி இடதா வலதா என்று
நான் எட்டிப் பார்த்ததில்லை.
ஒன்பது வருடம்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள்
மொட்டுவின் ஈறு மஞ்சளாகியிருந்தது.
அதற்கு முன் மூன்று நாள் தட்டில் வைத்தது அப்படியே கிடந்தது.
திட்டினேன்.
'கிலோ நானூத்தி அறுவது ரூவா, தெரியுமாடி?'
மூக்கால் தட்டைத் தள்ளிவிட்டு
என் முகத்தையே பார்த்தது.
விளக்கே இல்லாமல் அது கண்டுபிடித்துவிட்டது என்று
எனக்கு அப்போது உறைக்கவில்லை.
எனக்கு. இந்த வேலை பார்க்கிற எனக்கு.

டாக்டர் ஜெயபாரதி இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.
'என்ன குடுக்கறீங்க?'
'பாக்கெட்டுதாங்க. நல்ல கம்பெனி.'
'ஈரல்' என்றார்.
அந்த மாதத்தில் அவரிடம் வந்த நான்காவது ஈரலாம்.

பாக்கெட்டின் முன்பக்கம் பொன்னிற நாய் ஒன்று
எங்கள் ஊரில் இல்லாத புல்வெளியில் ஓடுகிறது.
பின்பக்கம் எறும்புக்கால் எழுத்தில்
தானியங்களும் தானிய உபபொருட்களும்.
உபபொருள்.
அந்த ஒரு சொல்லுக்குள்
எத்தனை லாரியை நிறுத்தலாம்.

புகார் எண்ணுக்கு அடித்தேன்.
'பேட்ச் நம்பர் சொல்லுங்க மேடம்.'
அது மேல் ஓரத்தில் இருக்குமாம்.
மேல் ஓரத்தைக் கிழித்தால்தான்
பாக்கெட்டே திறக்கும்.
'அது இல்லாம கம்ப்ளெயிண்ட் ஏறாதுங்க.'
பேசியவளும் நம்ம பக்கத்துப் பெண்தான்,
குரல் இழுத்த இழுப்பில் தெரிந்தது.
குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கிளறினேன்.
பூண்டுத்தோல், மாத்திரை அட்டை,
பையன் தரணீஷின் பென்சில் சீவல்.
ஓரம் செவ்வாய்க்கிழமை வண்டியிலேயே போயிருந்தது.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்பே போனேன்.
டிபன் டப்பாவிலிருந்து பன்னிரண்டு உருண்டைகளை எடுத்து
விளக்கடியில் பரப்பினேன்.
மினுங்கவில்லை.
அரைத்து வேகவைத்துச் சாயமும் பூசிய பின்
எதுவும் தன்னைக் காட்டிக்கொள்ளாது, தெரிந்ததுதான்.
பொடித்துக் கரைத்துப் பட்டையை நனைத்தேன்.
எங்கள் பட்டையில் எல்லாமே தலைகீழ்:
இரண்டு கோடு வந்தால் ஒன்றுமில்லை.
ஒற்றைக் கோடு என்றால் இருக்கிறது.

முதல் கோடு உடனே வந்தது.
இரண்டாவது
வந்த மாதிரியும் வராத மாதிரியும்,
நாலைந்து தடவை துவைத்த துணியில் சாம்பார்க் கறை போல.
ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன்.
ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

வெளியே ஹாரன்.
வெங்கிடுபதியின் லோடு.
அன்றைக்கு நன்றாகவே மினுங்கியது.
சிவப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
'செரிங் கண்ணு' என்றார், சிரித்துக்கொண்டே.

செருப்பு மாட்டாமல் கேட்டுவரை ஓடினேன்.
லாரி இடப்பக்கம் திரும்பியது.
இடப்பக்கம் பல்லடம்.
பல்லடத்திலிருந்து எங்கேயும் போகலாம்.
வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதினேன்,
அதே பேனாவில்.

சாயங்காலம் மொட்டுவுக்குக்
குழைந்த சோறு பிசைய உட்கார்ந்தேன்.
சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தேன்.
நாலு எண்ணில் ஒரு ஏழு மட்டும்
ரேகைக்குள் மிச்சம்.
அது ஒன்றாகவும் இருக்கலாம்.
மொட்டு இரண்டு வாய் நக்கியது.