சோதித்தவர் 31

பெட்டியில் ஜெர்மன் பெயர்.
இரண்டு கன்று விற்ற காசு.
தொவாதெர் பெட்ரோல் துணியால்
ரம்பத்தின் வயிற்றைத் துடைக்கிறான்.
ஸ்டிக்கரை நகத்தால் கீற
அடியில் இன்னொரு ஸ்டிக்கர்,
வேறு நாடு.
சங்கிலியில் மூன்றாவது.
"அண்டப்புளுகு" என்கிறாள் இலிங்கா.

மேலே கார்பாத்தியச் சரிவில்
அவள் பாதி அறுத்துவிட்டு வந்த பீச் மரம்
நின்றுகொண்டிருக்கிறது,
காற்று ஏறுகிறது.

மூடியைக் கழற்றினால்
வடிகட்டிக்குப் பின்னால்
தபால்தலை அளவு தாள்:
சோதித்தவர் 31.
பக்கத்தில் பேனாவால் ஒரு சுழி,
நீண்ட வால்.
எந்த மொழியோ.
எண்ணெயில் ஊறியும் கலையவில்லை.
அவசரத்தில் போட்டதாகவும் தெரியவில்லை.

தாளை இருந்த இடத்திலேயே
வைக்கச் சொன்னாள்.
"சரி, முப்பத்தொன்று"
என்று கயிற்றை இழுத்தாள்.
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

இனி
மரம் எந்தப் பக்கம் சாயும்
என்பதுதான்.