பன்னிரண்டு மில்லிமீட்டர்

முதல் முறை எதுவும் எழவில்லை.

செவ்வாயன்று முன்கைத் தோலுக்கடியில் ஏற்றிய துளி
வியாழனன்று போன இடம் தெரியவில்லை.
தாதி ரொஹாயா பால்பாயிண்ட் பேனாவை
மணிக்கட்டுப் பக்கமிருந்து மெல்ல இழுத்தார்,
பிறகு முழங்கைப் பக்கமிருந்து.
பேனா எங்கும் தட்டவில்லை.
சுழியம் என்று எழுதினார்.

முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டேன்.
ஈசூன் முனையத்தில் கடைசிப் பேருந்தை நிறுத்தி
விளக்கணைக்கும்போது வரும் சிரிப்பு.

பொறுங்கள், என்றார் டாக்டர் டியோ.
பதினான்கு மாதக் குழந்தை.
தடிப்பு இல்லையென்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை.
அவள் உடம்புக்கு
இன்னும் அதை அடையாளம் தெரியாமலும் இருக்கலாம்.

சந்திப்புச் சீட்டின் பின்புறம் இரண்டு வட்டம் போட்டார்.
ஒன்று பெரியவர்களுடையது:
கிருமியைச் சுற்றிச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் மதில்.
(என் மதில் என்றோ இடிந்திருந்தது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.)
இன்னொன்று லயனிகாவினுடையது.
அதைப் புள்ளிகளாக மட்டும் வைத்தார்.
இடைவெளியெல்லாம் வழி.

சின்ன உடம்புக்கு விழுங்கத் தெரியுமாம்,
விழுங்கியதைக் கொல்லத் தெரியாதாம்.
ஆள் அனுப்பத் தெரியுமாம்,
படை வந்து சேர நாளாகுமாம்.
அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டால்
மூளையின் உறைவரை போகும்,
நுரையீரல் படத்தில் தானியம் இறைத்ததுபோல் தெரியும்.
அவர் ஆங்கிலத்தில் சொன்ன அந்தத் தானியம்
தினை என்று எனக்கு விளங்கியபோது
வீட்டுக்குத் திரும்பும் பேருந்து
இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது.

பிறந்தபோது போட்ட பிசிஜி
அந்த வழிகளில் சிலவற்றை அடைக்குமாம்.
சிலவற்றை.

மூன்று மாதம் இருமினேன்.
பேருந்தின் குளிர்சாதனம் என்றேன்.
எட்டு வெள்ளிக்கு இருமல் மருந்து வாங்கினேன்.
இரவுப் பணி முடித்து வந்து
அவள் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன்.
கஞ்சியால் வராது, என்றார் ரொஹாயா,
ஒரே அறைக் காற்று போதும்.
ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிரமிளா என்னைத் திட்டவே இல்லை.
கஞ்சி இப்போது மின்விசிறிக்கடியில் ஆறுகிறது.

தடிப்பு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு.
காலையில் நான் பலதுறை மருந்தகத்தில்
தாதி பார்க்க நான்கு வகை மாத்திரை விழுங்குகிறேன்.
சிறுநீர் தேநீர்க்கடை பந்துங் மாதிரி,
இல்லை, அதைவிடச் செம்மஞ்சள்.
வீட்டில் அவளுக்கு ஒன்றே ஒன்று,
பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து.
பழத்தைத் தின்றுவிட்டுப் பொடியை மட்டும் துப்புவது எப்படி என்று
நான்காம் நாளே கற்றுக்கொண்டாள்.

எட்டு வாரம் கழித்து மறுபடி அந்த அறை.
மறுபடி அந்தப் பேனா.
மணிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது,
நின்றது.
முழங்கைப் பக்கமிருந்து வந்தது,
நின்றது.
சிவப்பை விட்டுவிடுங்கள், தடிப்புதான் கணக்கு,
என்று சொல்லிக்கொண்டே அளவுகோலை வைத்தார் ரொஹாயா.
பன்னிரண்டு.

பிரமிளா அழுதாள்.
நானும் அழுதிருக்க வேண்டும்.
எனக்கோ அந்தச் சின்னக் கையில்
கெட்டியாக ஏதோ ஒன்று எழுந்து நிற்பது
அவளுக்குப் பல் முளைத்த அன்றைப்போல் இருந்தது.
இதை யாரிடம் சொல்வது?
என்னிடமிருந்து போனதை
அவள் உடம்பு கண்டுபிடித்துவிட்டது.
பெயரும் வைத்துவிட்டது.

நுரையீரல் படத்தில் தினை இல்லை.
நிழல்கூட இல்லை.
கிருமி இருக்கிறது, நோய் இல்லை, என்றார் டியோ.
உறங்குகிறது, மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மருந்துக்குக் காத்திருந்தபோது
மேசையில் கிடந்த பேனாவை லயனிகா எடுத்தாள்.
என் கையைப் பிடித்து மணிக்கட்டிலிருந்து இழுத்தாள்.
கோடு எங்கும் நிற்காமல்
முழங்கையைத் தாண்டிச் சட்டைமீது ஏறி
பேருந்து நிறுவனத்தின் சின்னத்தைக் கடந்து போனது.

சீருடை அது. நாளை காலைப் பணி.
துவைத்துப் பார்த்தோம், போகவில்லை.