சோகைப் பாத்தி

போவெனில் ஜூலையைக் குளிர்காலம் என்கிறார்கள்.
நான் அரைக்கைச் சட்டையில் நிற்கிறேன்.
டான் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது.
எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு பாத்தி, தக்காளி:
ஆறின் மேல் கறுப்பு பிளாஸ்டிக்,
ஆறின் மேல் கரும்புச் சோகை மூடாக்கு.
சுழியம், நூறு, இருநூறு,
ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து என்று
குச்சியில் எழுதி நட்டிருக்கிறேன்.

விடிந்ததும் காம்போடு இலை கிள்ளி,
இலையைக் கழித்துக் காம்பை மட்டும்
பூண்டு நசுக்கியில் வைத்து அழுத்துவேன்.
சமையலுக்கு வாங்கியது; இனி சமையலுக்கு ஆகாது.
மூன்று சொட்டுப் பச்சைச் சாறு.
கருவி கொஞ்சம் யோசித்து
ஓர் எண்ணைச் சொல்லும்.

இருநூறு, இடுப்பைத் தாண்டிவிட்டது.
இலையெல்லாம் கருகருவென்று
கல்யாண வீட்டுப் பட்டு மாதிரி மினுக்குகிறது.
விலக்கிப் பார்த்தால்
பூ உதிர்ந்த வெறும் காம்புகள்.
தழைச்சத்து என்றுதானே பெயர் வைத்தோம்,
தழைக்கும்.
காய்ப்பதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மூடாக்குப் பக்கம் வேறு கதை.
மேலே கரும்புச் சோகை, கீழே செடிக்குச் சோகை
என்று களக்குறிப்பில் எழுதினேன்.
ஆங்கிலத்தில் அனுப்பியபோது
வேடிக்கை செத்துப்போனது.
காய்ந்த தோகையை மட்கவைக்க வந்த நுண்ணுயிர்கள்
செடிக்கு வைத்த சோற்றை
முதலில் தாங்கள் தின்றுவிடுகின்றன.
பந்திக்கு முந்து என்று
அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்டில், யாரும் கேட்காத மழை.
ஒரே இரவில் எண்பது மில்லிமீட்டர்.
காலையில் லூபே கூப்பிட்டாள்.
அறுவடைக்கு டோங்காவிலிருந்து வந்தவள்,
கடலைப் பற்றி மட்டும் உரக்கப் பேசுவாள்.
பிளாஸ்டிக் பாத்திகளின் நடுவே
தேயிலைச் சாயத்தில் தண்ணீர் விரைந்துகொண்டிருந்தது.
சோகைப் பக்கம் சால் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.
வாய்க்கால் நீரில் மூன்று சொட்டு வைத்தேன்.
கருவி யோசிக்கவே இல்லை.
வாய்க்கால், அப்புறம் ஓடை, அப்புறம் கடல்,
கடலுக்குள் பவளம்.
"அங்கேயும் குச்சி நடுவாயா?" என்றாள்.

செப்டம்பர் எடையில்
பிளாஸ்டிக்கும் நூறும் சேர்ந்த பாத்தி முந்தியது.
ரெனாட்டோ இரண்டு தடவை தலையாட்டினார்.
அடுத்த போகத்துக்கு இருநூறுக்கே
மூட்டை சொல்லிவைத்தார்.
கடன் இருக்கிறவர் கண்ணுக்கு
நூறு எப்போதும் குறைச்சலாகத்தான் தெரியும்.

சுழியம், சோகை: மூன்று வாரம் தாமதம்,
ஒரு செடியில் ஏழே பழம், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு.
லூபே ஒன்றைக் கடித்துவிட்டு
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் மிச்ச ஆறையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.
படிவத்தில் எடை, விட்டம், நிறம், வெடிப்பு.
வேறு கட்டம் இல்லை.

பிளாஸ்டிக்கை உரித்துச் சுருட்ட முழுநாள் ஆனது.
குப்பைமேட்டில் டன் கணக்கில் காசு வாங்குகிறார்கள்.
சோகையை என்ன செய்வது என்று கேட்டேன்.
யாரும் நிமிரவில்லை.
கையால் விலக்கினேன்:
பாதியைக் காணோம்.
மிச்சத்தில் வெள்ளை நூலாய்ப் பூஞ்சை,
அடியில் ஈரம்,
மண்புழு ஒன்று வெளிச்சத்துக்குக் கூசி உள்வாங்கியது.
மூடிவிட்டேன்.

பிடுங்கிய குச்சிகளை எண்ணினால் பதின்மூன்று.
கூடுதலாக ஒன்று எப்போது சீவினேனோ.
எதுவும் எழுதாமல் அதை
வாய்க்கால் முனையில் குத்திவிட்டு
வண்டி ஏறினேன்.